ரூடி கையால் போட்டது

ஆகஸ்ட் 20, சனி

காலையில் வீட்டுக்குப் பின்னால் சரளைப் பள்ளத்தில் பயிற்சி. காற்றில்லை, கொசு மட்டும் தாராளம். ஐம்பது கஜத்தில் காகிதத் தட்டுகளைக் குத்தி வைத்து, பிர்ச் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முழங்கால்மேல் மணிக்கட்டை ஊன்றிச் சுட்டேன். மான் அந்தத் தூரத்தைத் தாண்டி நின்றால் ரிவால்வரை உறையிலிருந்து எடுக்கவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நீளத் துப்பாக்கிக்காரர்கள் இருநூறு கஜத்தில் சுட்டுவிட்டுப் பெருமை பேசட்டும்.

அறுபத்தொரு வயதுக் கண்ணுக்குக் குழாய் நுனியிலிருக்கும் குறிமுள் தெரிந்தால் தட்டு தெரியாது, தட்டு தெரிந்தால் குறிமுள் தெரியாது. தட்டை விட்டுவிடு என்பார் என் வீட்டுக்காரர் ரூடி. குறிமுள்ளையே பார், விசையை மெதுவாக அழுத்திக்கொண்டே இரு, எப்போது வெடித்தது என்று உனக்கே தெரியக்கூடாது. முப்பது வருடமாக அதே பாட்டு. பாட்டு அலுத்துவிட்டது, ஆனால் சரியான பாட்டு.

முதல் சுற்று முழுவதும் தட்டுக்குள். இரண்டாவது சுற்றில், நடுவில், "டப்" என்றது. அவ்வளவுதான். கை உதறவில்லை, புகை இல்லை. பழக்கத்தில் என் கட்டைவிரல் அடுத்ததற்குத் துப்பாக்கிக் குதிரையை இழுத்துவிட்டது. இழுத்த பிறகுதான் நின்றேன்.

குழாயில் குண்டு சிக்கியிருந்தது. அந்தத் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தே போடவில்லை. அடியில் இருக்கும் கேப்பு மட்டும் வெடித்து, குண்டைப் பாதி வழிக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. அடுத்ததையும் சுட்டிருந்தால் ரிவால்வர் கிழிந்திருக்கும், என் முகமும்தான்.

காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் அடைத்து ரூடி தன் கையாலேயே போட்ட தோட்டா. அதில் மருந்து இல்லை. எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பித்தளைக் கம்பியை விட்டு மரச் சுத்தியால் தட்டிக் குண்டை வெளியே எடுத்தார். விசிலடித்துக்கொண்டே எடுத்தார். கேப்பு கெட்டுப்போயிருக்கும் என்றார்.

ஆகஸ்ட் 21

கேப்பு கெட்டிருந்தால் குண்டு நகர்ந்தே இருக்காது. அது அவருக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 24, புதன்

ரூடி தூங்கப் போன மதியப் பொழுதில் அதே பெட்டியின் மிச்சத் தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தேன். பிரிக்கிற சுத்தியில் மாட்டித் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே விழும். சத்தம் கேட்கக்கூடாது என்று கொட்டகையில், பழைய கம்பளியைப் போட்டுத் தட்டினேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி.

இன்னும் இரண்டில் மருந்து இல்லை. மற்ற எல்லாவற்றிலும் தராசு முள் இம்மியும் விலகாத சரியான அளவு.

அவர் வேலை செய்யும் மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். இரண்டாவது டப்பா மேசைக்கு வந்தால் முதலாவது அலமாரிக்குப் போயாக வேண்டும். துளைப் பலகையில் கூடுகளை நிறுத்தி, மருந்து போட்டு, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்ப்பார். திரும்ப முதலிலிருந்து இன்னொரு முறை. அந்த நேரத்தில் ரேடியோ கூடாது, நான் பேசக்கூடாது, நாய் குரைத்தால் நாய்க்கும் திட்டு. கல்யாணமான புதிதில் இதற்காகவே சண்டை போட்டிருக்கிறேன்.

போன வாரம் அவர் மேசையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. மனுஷன் கொஞ்சம் இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 5, திங்கள்

விடுமுறை. தம்பி வெர்னனும் அவன் மனைவி டார்லாவும் வந்தார்கள், டார்லா சுட்ட புளூபெரி 'பை' பலகாரத்தோடு. ஆண்கள் இருவரும் சவுனா நீராவி அறையில் வெந்துவிட்டு வந்து வாசற்படியில் பியரோடு உட்கார்ந்தார்கள். வெர்னன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"மச்சான், இந்த வருஷமும் நம்ம பெட்டி உண்டுல்ல? உங்க கையால போட்டதுன்னாத்தான் மான் என் முன்னாடி வந்து நிக்குது."

"அது வந்து நிக்கும். நீ சுடணுமே" என்றார் ரூடி.

அடுத்தவன் போட்ட தோட்டாவை உன் துப்பாக்கியில் வைக்காதே. இந்தப் பக்கத்தில் மருந்து அளக்கும் எவனும் முதலில் சொல்வது அதுதான். அண்ணன் தம்பியானாலும் கூடாது. ரூடிக்கு மட்டும் வெர்னன் அந்தச் சட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறான். நானும்தான், ஆனால் நான் கட்டிக்கொண்டவள், எனக்கு வேறு வழியில்லை.

பாத்திரம் கழுவும்போது வெர்னன் என் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தான். மச்சான் நல்லா இருக்காரா, ஒரே கதையை ரெண்டு தடவை சொன்னாரே என்று கேட்டான். வயசாகுதுல்ல என்றேன். வசந்த காலத்தில் கடைக்குப் போன மனுஷன் வீட்டுக்கு வழி தெரியாமல் ஏரிக்கரை வரை ஓட்டிக்கொண்டு போனதைச் சொல்லவில்லை. டாக்டர் மறுபடி வரச் சொன்னதையும், இவர் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டதையும் சொல்லவில்லை. மருந்தில்லாத தோட்டாக்களைப் பற்றியும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இந்த ஊர் முழுக்கக் கூட்டை எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் யோசனை கேட்கும். வேலை பார்த்த காகித மில்லை மூடிய பிறகு அவரிடம் மிச்சமிருப்பது அந்த மேசை ஒன்றுதான்.

செப்டம்பர் 12

முடிவு செய்துவிட்டேன். அவர் போட்டதை எல்லாம் நான் பிரித்துத் திரும்பப் போடுவேன். அவர் கையெழுத்துள்ள அதே பெட்டியில் அடுக்கி அதே இடத்தில் வைப்பேன். அவர் காலையில் காபிக் கடைக்குப் போய் வரும் நேரம் போதும்.

அளவு எனக்கும் தெரியும். முப்பது வருடம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, வெள்ளி

பள்ளத்தில் நான் போட்டதைச் சுட்டுப் பார்த்தேன். ரூடி பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் எல்லாத் துளையும் என் உள்ளங்கை அகலத்துக்குள். எழுந்து போய்த் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"பாத்தியா? தோட்டா ஒழுங்கா இருந்தா மீதி தன்னால வரும்."

ஆமாம் என்றேன். தட்டைக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறார்.

அக்டோபர் 11, செவ்வாய்

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் மேசையில் இரண்டு டப்பா. ஒன்று வேட்டைத் தோட்டாவுக்கான மெதுவாக எரியும் மருந்து. இன்னொன்று வேகமாக எரியும் மருந்து. பயிற்சித் தோட்டாவுக்குக் கொஞ்சமாகப் போடுவது, அளவு கூடினால் துப்பாக்கியே வெடிக்கும். மூடிகள் இடம் மாறியிருந்தன. அளவுக்குடுவையில் மிஞ்சியதை எந்த டப்பாவில் திரும்பக் கொட்டினார்? கேட்டேன். இதில்தான் என்று ஒன்றைக் காட்டினார். கொஞ்சம் கழித்து மற்றதைக் காட்டினார்.

கலந்த மருந்தை வைத்திருக்க முடியாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்புறப் புல்லில் கொட்டினேன். கெட்ட மருந்தைப் புல்லுக்கு உரமாகக் கொட்டுவதுதான் இங்கே வழக்கம். அடுத்த வருடம் அந்த இடம் மட்டும் பச்சையாக நிற்கும்.

இனி மெதுவான மருந்து மட்டும் வாங்குவேன். அதை இரண்டு மடங்கு போட்டால் கூட்டிலிருந்து வழிந்துவிடும், யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். வேகமான மருந்து இந்த வீட்டுக்குள் இனி வராது.

அக்டோபர் 12

அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். சாயங்காலம் சாவி கேட்டார். கொடுக்கவில்லை. என் சொந்த மேசைக்கு எனக்கே பூட்டா என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனா மார்லீன்?" என்று கேட்டார்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் பின்லாந்துக்கார வம்சத்தில் ஆண்கள் இப்படிக் கேட்பதில்லை.

இல்லை என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 27

ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நான் நினைத்ததுதான்.

நவம்பர் 13, ஞாயிறு

மான் வேட்டைக் காலத்தின் திறப்புக்கு இரண்டு நாள். நவம்பர் பதினைந்து எங்களுக்குத் திருநாள், பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. வெர்னன் காட்டிலிருக்கும் வேட்டைக் குடிலுக்குப் போகிற வழியில் வந்தான். டிரக்கின் பின்னால் விறகு, பியர், பெட்டி நிறைய இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி.

நான் போட்டு வைத்திருந்த பெட்டியை வாசலில் வைத்தே அவனிடம் கொடுத்தேன். இதையே வைத்துச் சுடு என்றேன்.

"மச்சான் புதன்கிழமையே குடுத்துட்டாரேக்கா. நீ வேலைக்குப் போயிருந்த. அன்னைக்குத்தான் போட்டு முடிச்சாராம், சூடா எடுத்துட்டுப் போன்னாரு."

அதைத் திருப்பிக் கொடு, இது நானே போட்டது, இதைச் சுடு என்றேன்.

"நீயா?" என்று சிரித்தான். "நீ சுடுறதோட நிறுத்திக்க. எனக்கு அவரு கைதான் ராசி."

ரூடி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். நீ எதுக்குப் போட்ட என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். அதே கேள்வியை, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனா என்பதை, மறுபடி கேட்கப்போகிறார் என்று பயந்துவிட்டேன். சும்மா பழகிப் பார்த்தேன் என்றேன்.

ரெண்டும் இருக்கட்டும் என்று என் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வெர்னன் போய்விட்டான்.

ரூடி நின்றார். அதனால் சொல்லவில்லை. இதைத் தவிர எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போன் செய்தேன். குடிலில் போனுக்கு சிக்னல் கிடைக்காதே என்றாள் டார்லா. என்ன விஷயம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். நாளைக் காலையில் நேரில் போய்விடலாம். திறப்பு செவ்வாய்தானே. அதுவரை எவனும் சுடப்போவதில்லை.

மெதுவான மருந்து ஒன்றுதானே வீட்டில் இருக்கிறது. மிஞ்சிப்போனால் சிலதில் மருந்து இருக்காது. வெர்னன் சத்தம் குறைந்தால் நிறுத்திவிடுவான். நிறுத்துவான்தானே?

நவம்பர் 14, திங்கள்

காலையில் ரூடியின் படுக்கை காலி. பூட்ஸ் இல்லை, கோட் மட்டும் ஆணியில் தொங்குகிறது. வெளியே பனி கொட்டுகிறது.

ஊரெல்லாம் தேடினேன். மதியம் தாண்டி மூடிக்கிடக்கும் காகித மில்லின் கேட்டுக்கு வெளியே கிடைத்தார். சாப்பாட்டு டப்பாவோடு ஷிப்டுக்கு நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் எங்கே என்று என்னைக் கேட்டார். காதும் விரல்களும் வெளுத்துப்போயிருந்தன. கிளினிக்கில் சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

இந்தப் பனியில் குடிலுக்குப் போகும் காட்டுப் பாதை இன்று ஆகாது. விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். இவரையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும், தனியே விட முடியாது.

நவம்பர் 15

வெர்னன் உயிரோடு இருக்கிறான்.

நவம்பர் 17, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் சமையலறையில் நின்றுகொண்டே அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

பனியில் டிரக் இரண்டு இடத்தில் மாட்டியது. குடிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. அடுப்பு சூடாக இருந்தது, வெர்னன் இல்லை. மேசைமேல் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். என்னுடையது பிரிக்காமல் இருந்தது. ரூடியின் பெட்டியில் ஐந்து குழி காலி.

வெளியே வந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திறப்பு நாளில் காட்டில் இப்படிக் கத்துகிறவளைப் பைத்தியம் என்பார்கள். நான்கு பக்கமும் தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, அது அந்த நாளின் வழக்கம். பிறகு தேவதாரு சதுப்புப் பக்கமிருந்து ஒரு சத்தம். ரிவால்வரின் சத்தம் எனக்குத் தெரியும். அது வேறு. கூர்மையாக, கிழிகிற மாதிரி, அதற்குப் பின்னால் எதிரொலிகூட இல்லாமல்.

டிரக்கில் உட்கார்ந்திருந்த ரூடி கண்ணாடியை இறக்கினார்.

"எவனோ மருந்தைக் கண்டபடி போட்டிருக்கான். மடப்பய" என்றார்.

ஓடினேன். வெர்னன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இடது கையைச் சட்டைக்குள் திணித்து வைத்திருந்தான். முகத்தில் இடது பாதி... அதை எழுதவில்லை. ரிவால்வர் பனியில் கிடந்தது. தோட்டாக்கள் சுழலும் உருளையில் மேல் பாதியைக் காணோம். கொஞ்ச தூரத்தில் ஆண்மானின் தடம், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போன தடம்.

நான் வெறுமனே நின்றேன். ரூடிதான் என் பின்னாலேயே வந்து, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, அவன் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினார். தன் கம்பளித் துண்டை மடித்துக் கண்ணில் வைத்து அழுத்தினார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மில்லில் கை நசுங்கியவர்களுக்கு முதலுதவி செய்த அதே ரூடி. அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு எந்த மறதியும் இல்லை.

பிறகு ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யாருடா போட்ட தோட்டா இது?"

வெர்னன் மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான்.

"நான்தான் மச்சான்."

நவம்பர் 19

இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போயின. கண்ணும் போய்விட்டது. வேட்டைத் துறை அதிகாரி வந்து விசாரித்தபோதும் தானே போட்ட தோட்டா என்று சொல்லியிருக்கிறான். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

குடிலிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்து பிரித்தேன். எல்லாவற்றிலும் வேகமான மருந்து, வேட்டைத் தோட்டாவுக்கு மெதுவான மருந்து போடும் அதே அளவுக்கு. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூடக் கூடவில்லை. டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்திருப்பார். எல்லாம் ஒரே மட்டமாக இருந்திருக்கும்.

அந்த வேகமான மருந்தின் டப்பாவைச் சவுனாக் கொட்டகையில் பலகைக்கு அடியில் கண்டுபிடித்தேன். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் அவரே வைத்து நான் மறந்துபோனது. மறந்தது நான்.

நவம்பர் 20, ஞாயிறு

மருத்துவமனை நடைபாதையில் டார்லா என்னை நிறுத்தினாள். வெர்னன் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் முட்டாள் இல்லை. அவன் வாழ்நாளில் தோட்டா போட்டதே இல்லை என்று அவளுக்குத் தெரியாதா?

"அன்னைக்குப் போன்ல ஒண்ணுமில்லன்ன. உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

ஆகஸ்டிலிருந்து என்றேன்.

"ஆகஸ்ட்" என்றாள். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னை அடித்திருக்கலாம்.

நவம்பர் 26

டார்லா இல்லாத நேரம் பார்த்துப் போய் வெர்னனிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தில்லாத தோட்டா, கலந்த டப்பா, சாவி, வாசலில் வாய் திறக்காதது. எதையும் மறைக்கவில்லை. நான் முடித்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் திரும்பிப் படுப்பான். நான் முதுகைத் தடவிக் கொடுப்பேன். இன்று கையை நீட்டவில்லை.

நவம்பர் 30

வேட்டைக் காலம் முடிந்தது. என் ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்தேன். ஒரு தடவைகூட வெளியே எடுத்துப் போகவில்லை.

டிசம்பர் 8

வெர்னன் ஏன் வரவே மாட்டேன் என்கிறான் என்று ரூடி கேட்டார். பொய் சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்தோம், இனி உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன். சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 9

காலையில் முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே, "வெர்னன் ஏன் வரல?" என்றார்.

மறுபடி சொன்னேன். மறுபடி அதே.

டிசம்பர் 11

இன்னும் எத்தனை தடவை அந்த மனுஷனைக் கொல்வேன்? இன்று கேட்டபோது, பனி அதிகம், பாதை மூடிக்கிடக்கிறது, அதனால் வரவில்லை என்றேன். சரி என்று காபியைக் குடித்தார்.

உண்மை சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கும் உதவாத நாளில் சொல்லப் பார்த்தேன். என்ன ஜென்மம் நான்!

ஜனவரி 15

மருந்து, கேப்பு எல்லாவற்றையும் வீட்டை விட்டு அகற்றிப் பல நாள் ஆகிறது. மேசை காலி. காலையிலிருந்து சாயங்காலம் வரை ரூடி அதன் முன்னால் நின்றுகொண்டே இருக்கிறார். இழுப்பறையைத் திறக்கிறார், மூடுகிறார். சாப்பிட வரச் சொன்னால், இதோ, டப்பா கிடைச்சதும் என்கிறார். உடம்பு பாதியாகிவிட்டது.

ஜனவரி 19, வியாழன்

பழைய மருந்து டப்பாவைக் கழுவிக் காயவைத்து, கஞ்சிக்கு வாங்கிய கோதுமை ரவையை அதில் நிரப்பினேன். ஏற்கெனவே சுட்டுத் தீர்ந்த கூடுகளை, அடியில் செத்த கேப்போடு அப்படியே, துளைப் பலகையில் நிறுத்தினேன்.

டப்பாவைத் திறந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். இது புதுசா என்றார். ஆமாம், இப்போது வெள்ளையாக வருகிறது என்றேன். தெரியாத டப்பா வந்தால் புத்தகத்தில் அதற்கான பக்கத்தைப் படித்து முடிக்காமல் மூடியைக்கூடத் திறக்காத மனுஷன். நான் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார்.

ரேடியோவை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். மதியம் வரை தலை நிமிரவில்லை. பிறகு வந்து நன்றாகச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 6

ரவைத் தோட்டா மூன்று பெட்டி சேர்ந்துவிட்டது. அவர் தூங்கும்போது பிரித்து, ரவையைத் திரும்ப டப்பாவில் கொட்டுகிறேன். என் வேலை மட்டும் மாறவில்லை.

வெர்னன் திரும்ப மரம் வெட்டப் போக முடியாது என்று காபிக் கடையில் பேச்சு. டார்லா இரண்டாவது வேலைக்குப் போகிறாளாம். சமைத்து எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் வைத்தேன். மறுநாள் பாத்திரம் கழுவிய நிலையில் என் வாசலில் இருந்தது. உள்ளே சாப்பாடு போயிற்றா குப்பைக்குப் போயிற்றா தெரியாது.

மார்ச் 18, சனி

வெர்னன் வந்தான்.

டிரக் சத்தம் கேட்டு ஜன்னலில் பார்த்தேன். வண்டியை நிறுத்த அவன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கண்ணில் கறுப்புத் துணி. கதவைத் தட்டவில்லை, எப்போதும் போல நேராக உள்ளே வந்தான். என்னைத் தாண்டி ரூடியின் மேசைக்குப் போனான். நான் காபி போட்டேன்.

ரூடிக்கு அவனைப் பார்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் கையைப் பார்த்தார்.

"கைக்கு என்னடா ஆச்சு? கண்ணு?"

நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். வெர்னன் இதற்காகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சொல்லட்டும், அவனுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

"ரம்பம் மச்சான். மரம் அறுக்கும்போது எகிறிடுச்சு."

ரூடி பலமாகத் திட்டினார். கவனம் எங்கே போச்சு, வேலை செய்யும்போது ரேடியோவை அணைத்து வை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், உனக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது. வெர்னன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். தப்புத்தான் மச்சான் என்றான்.

திட்டி முடித்ததும் ரூடிக்கு மனசு கேட்கவில்லை. "வரும் சீசனுக்கு உன் பெட்டி ரெடி. இதோ பாரு" என்று துளைப் பலகையை அவன் பக்கம் நகர்த்தினார். டார்ச்சை அவன் கையில் கொடுத்து, எல்லாம் ஒரே மட்டமா இருக்கா என்று பார்க்கச் சொன்னார்.

வெர்னன் டார்ச்சை அடித்து, ஒற்றைக் கண்ணைப் பலகைக்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு கூடாக எட்டிப் பார்த்தான். வெள்ளையாக உள்ளே இருந்ததைப் பார்த்த இடத்தில் கொஞ்சம் நின்றான். பிறகு தொடர்ந்தான். கடைசிவரை போய், திரும்ப முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தான்.

"கச்சிதமா இருக்கு மச்சான்" என்றான்.

ரூடி குண்டுகளை வைத்து ஒவ்வொன்றாக அழுத்தி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பெட்டியை வாங்கி, இரண்டு விரல் இல்லாத கையால் மார்போடு அணைத்துக்கொண்டான். நான் வைத்த காபியைக் குடித்தான். கோப்பையைத் தொட்டியில் கழுவிக் கவிழ்த்தான். அவ்வளவு நேரமும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவருகே நின்றான். என் பக்கம் திரும்பவில்லை, வெளியே பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ரவை தீந்துச்சுன்னா சொல்லு. வரும்போது வாங்கிட்டு வரேன்."

நவம்பருக்குப் பிறகு என்னிடம் அவன் பேசியது இதுதான். சரி என்றேன்.